மூன்றரைத் தொன் வள்ளத்தின் இயந்திரத்தைப் பிரித்துக் கட்டும்போது வலுவைக் கூட்டலாமா?

மயிலிட்டி வள்ளம் எழுதியது:

வணக்கம். மயிலிட்டித் துறையிலிருந்து தொழிலுக்குப் போகும் 28 அடி நீளமான மூன்றரைத் தொன் வள்ளம் ஒன்று எங்கள் குடும்பத்திடம் உள்ளது. அதில் பூட்டியிருப்பது கடலுக்கென மாற்றியமைக்கப்பட்ட இசுசு 4ஜேபி1 டீசல் இயந்திரம். நான்கு சிலிண்டர், 2771 கன சென்ரிமீற்றர், ரேர்போ (புகையின் விசையால் சுழன்று காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் கருவி) இல்லாதது. நிமிடத்துக்கு 2600 சுற்றில் 55 குதிரைவலு என்று சொல்லித்தான் விற்றவர் தந்தார். கியர்பொக்ஸ் 2:1, தண்டு 35 மில்லிமீற்றர், புறொப்பெலரின் விட்டம் 20 அங்குலம்.

இப்போது எண்ணெய் குடிக்கிறது, காலையில் இயக்குவதற்குச் சிரமப்படுகிறது, சுமை ஏறினால் கரும்புகை தள்ளுகிறது. ஆகவே பிரித்துக் கட்டுவது என்று முடிவெடுத்துவிட்டோம். வேலைத்தலம் ஒன்றில், எப்படியும் திறக்கத்தானே போகிறீர்கள், கையோடு ரேர்போ பூட்டி 80 குதிரைவலுவாக்கித் தருகிறோம் என்கிறார்கள். இன்னொருவர், லொறியில் இதே இயந்திரம் 77 குதிரைவலு தருகிறது, ஆகவே ரேர்போவே தேவையில்லை, டீசல் பம்பைக் கூடத் திறந்துவிட்டால் மீதி வெளியே வரும் என்கிறார். எங்களுக்கு வேகத்தின் மேல் பெரிய ஆசை இல்லை. சோழகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் வலையும் ஐஸும் மீனுமாகப் பாரம் ஏற்றிக்கொண்டு காற்றுக்கு எதிரே கரைக்குத் திரும்பும்போது வள்ளம் நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் தோன்றுகிறது. அதற்குத்தான் வலு வேண்டும். ஆனால் கரையிலிருந்து தொலைவில் இயந்திரம் நின்றுபோவதை நினைக்கவும் முடியாது. இந்தியக் கடல் எல்லைக் கோட்டுக்கு அப்பால் இழுபட்டால் என்ன நடக்கும் என்பதை இங்கு யாருக்கும் விளக்கத் தேவையில்லை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஸ்பானர் எழுதியது:

தம்பி, பிரிப்பதற்கு முன் கடலில் வைத்து அளக்க வேண்டியவற்றை அளந்துவிடுங்கள். பிரித்த பின் அந்த வாய்ப்பு இல்லை. வழக்கமாக ஏற்றும் பாரத்துடன், கடல் அமைதியாக இருக்கும் ஒரு விடியற்காலையில், இயந்திரம் நன்றாகச் சூடேறிய பின் முழுமையாக முடுக்கி, எத்தனை சுற்று வருகிறது என்று பாருங்கள். பலகையில் உள்ள மானியை நம்ப வேண்டாம். ஒளியால் அளக்கும் கைமானி யாரிடமாவது இரவல் கிடைக்கும். பிறகு கியரை விடுவித்துவிட்டு, சுமை இல்லாமல் எவ்வளவு வரை ஏறுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். புகையின் நிறத்தையும் கவனியுங்கள். கரும்புகை என்றால் உள்ளே போகும் எரிபொருளுக்குக் காற்று போதவில்லை, நீலப்புகை என்றால் எண்ணெய் எரிகிறது, வெண்புகை என்றால் எரிபொருள் எரியாமலே வெளியேறுகிறது அல்லது உள்ளே நீர் புகுகிறது.

லொறிக் கணக்குச் சொன்னவரின் பேச்சை முதலில் ஒதுக்கிவிடுவோம். லொறியில் 77 குதிரைவலு வருவது ஏறத்தாழ 3600 சுற்றில். உங்களிடம் 55 வருவது 2600 சுற்றில். இரண்டையும் அந்தந்தச் சுற்றால் வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட ஒரே எண்தான் வரும். அதாவது ஒவ்வொரு சுற்றுக்கும் உங்கள் இயந்திரம் லொறி இயந்திரம் செய்யும் அதே வேலையை இப்போதே செய்துகொண்டிருக்கிறது. ஒளித்து வைத்த 22 குதிரைவலு என்று எதுவும் இல்லை. அதைப் பெற வேண்டுமானால் சுற்றைக் கூட்ட வேண்டும். பிஸ்ரனும் அதைச் சுழல்தண்டோடு இணைக்கும் கொன்ரொட்டும் இழுத்துத் தள்ளும் விசை சுற்றின் வர்க்கத்தோடு ஏறுவதால், 2600 இலிருந்து 3600க்குப் போனால் அந்த விசை ஏறக்குறைய இரண்டு மடங்காகும். லொறி அந்தச் சுற்றை ஏற்றத்திலும் முந்தும்போதும் சில நிமிடங்களுக்கு மட்டுமே தொடுகிறது. வள்ளம் மணிக்கணக்காக ஒரே சுற்றில் நிற்கும்.

பம்பைத் திறப்பது அதைவிட மோசமான யோசனை. ரேர்போ இல்லாத இயந்திரம் உறிஞ்சும் காற்றின் அளவுக்கு ஓர் எல்லை உண்டு. அந்தக் காற்றில் சுத்தமாக எரியக்கூடிய டீசலுக்கு மேல் ஊற்றினால் கிடைப்பது கொஞ்சம் வலு, நிறையப் புகை, அளவுக்கு மீறிய சூடு. அலுமினியம் 660 பாகையில்தான் உருகும் என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். 300 பாகைக்கு மேலேயே பிஸ்ரனின் உலோகம் வலுவிழக்கத் தொடங்கிவிடும். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது, எதையும் எதிலும் ஓட்டிக் காட்டலாம் என்ற துணிச்சல் நமக்கு நிறையவே உண்டு. ஆனால் அந்த மோட்டார் சைக்கிள் நின்றால் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வர முடிந்தது.

மயிலிட்டி வள்ளம் எழுதியது:

நன்றி ஐயா. நீங்கள் சொன்னபடியே அளந்தோம். பாரத்துடன் முழுமையாக முடுக்கினால் 2300 சுற்றுக்கு மேல் ஏறவில்லை. அந்த நேரத்தில் கரும்புகை கடுமையாக வந்தது. கியரை விடுவித்தால் 2800 வரை தாராளமாகப் போகிறது. வள்ளத்தைக் கரையேற்றியபோது புறொப்பெலரின் குடத்தில் 20 x 16 என்று பொறித்திருப்பதைக் கண்டோம். முன்பு வைத்திருந்தவர் ஓடுவதற்கு வேகம் கிடைக்கும் என்று அதை மாற்றிப் பூட்டினாராம்.

பழைய ஸ்பானர் எழுதியது:

உங்கள் நோயில் பாதி அங்கே இருக்கிறது. 16 என்பது ஒரு சுற்றில் புறொப்பெலர் கோட்பாட்டளவில் முன்னேற வேண்டிய தூரம், அங்குலத்தில். அது இந்த இயந்திரத்துக்கு அதிகம். 2300 சுற்றில் அடைபட்டுக் கிடக்கும்போது உங்களுக்குக் கிடைக்கக்கூடிய உச்சவலு 49 குதிரைவலுதான். மீதி ஆறையும் புறொப்பெலர் பிடித்து வைத்திருக்கிறது. அதைவிடக் கெடுதல், வேகக்கட்டுப்பாட்டுக் கருவி 2600ஐ எட்டவேண்டும் என்று எரிபொருளை முழுமையாகத் திறந்தபடியே நிற்பது. உங்கள் கரும்புகையும், பிஸ்ரனைச் சுற்றியுள்ள றிங்குகள் தேய்ந்ததில் ஒரு பங்கும் அங்கிருந்து வந்தவை. இதே புறொப்பெலரோடு புது இயந்திரத்தைப் பூட்டினாலும் அதுவும் இதே வழியில்தான் போகும்.

20 x 14க்கு இறக்குங்கள். 250 சுற்று அளவில் ஏறும். மீதி, றிங்கும் டீசலைப் பீச்சும் இன்ஜெக்ரரும் புதுப்பித்து அமுக்கம் திரும்பியதும் தானாக வரும். பாரத்துடன் 2600ஐத் தொட்டு, அதைவிட ஐம்பது சுற்று கூட ஓடினாலும் நல்லது, ஏனென்றால் அடியில் பாசியும் சிப்பியும் பிடிக்கப் பிடிக்க அந்தச் சுற்று குறைந்துகொண்டே வரும்.

பேர்கன் தமிழன் எழுதியது:

யாழ்ப்பாணத்தில் பிறந்து நோர்வேயில் கப்பல் இயந்திரத் துறையில் வேலை செய்கிறேன். ஐயா சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். கேள்வியில் உள்ள ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு சில கணக்குகளைத் தருகிறேன். உங்களுக்கு வேண்டியது வேகம் அல்ல, காற்றுக்கு எதிரே தள்ளும் விசை என்கிறீர்கள். இரண்டும் ஒன்றல்ல.

வேகத்தைப் பொறுத்தவரை உங்கள் வள்ளம் நீரைக் கிழித்துப் போகும் வகை. நீர்மட்டத்தில் அதன் நீளம் 26 அடி என்று வைத்துக்கொண்டால், அந்த எண்ணின் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்க மணிக்கு 6.8 கடல் மைல் வருகிறது. அதற்கு அப்பால் வள்ளம் தானே எழுப்பும் அலையின் மேல் ஏற முயல்வதால், கூடக் கொடுக்கும் வலு பெரும்பாலும் அலையாகவே போய்விடும். அமைதியான கடலில் உங்கள் 55 குதிரைவலுவே அந்த எல்லையைத் தொடப் போதுமானது. 80 ஆக்கினால் அமைதியான நாளில் நீங்கள் காணப்போவது மணிக்குப் பதினொரு லீற்றருக்குப் பதிலாகப் பதினாறு லீற்றர் டீசல் போவதை மட்டுமே. இரண்டு எண்களும் முழுச்சுமையில்.

தள்ளுவிசையைப் பொறுத்தவரை வேறு கதை. வள்ளம் மெதுவாக நகரும் நிலையில், விசையானது வலுவையும் புறொப்பெலர் விட்டத்தையும் பெருக்கி வரும் தொகையின் மூன்றில் இரண்டு அடுக்கோடு ஏறுகிறது. இயந்திரத்தை 55 இலிருந்து 80 ஆக்கினால், புறொப்பெலரின் விட்டம் அதே இருக்க, விசை ஏறத்தாழ 28 வீதம் கூடும். இயந்திரத்தைத் தொடாமலே விட்டத்தை 20 இலிருந்து 24 அங்குலம் ஆக்கினால் 13 வீதம் கூடும், அதுவும் ஒரு துளி டீசல் கூடச் செலவாகாமல். ஆனால் 24 அங்குலப் புறொப்பெலர் மெதுவாகச் சுழல வேண்டும், ஆகவே கியர்பொக்ஸ் 2:1க்குப் பதிலாக ஏறத்தாழ 2.7:1 ஆக வேண்டும். பின்புறத்தில் அதற்கு இடமும் வேண்டும். புறொப்பெலரின் நுனிக்கும் வள்ளத்தின் அடிக்கும் இடையில் விட்டத்தின் 15 வீதமாவது இடைவெளி விடாவிட்டால் வள்ளம் அதிரும். பாக்கு நீரிணையும் நம் களப்புகளும் ஆழம் குறைந்தவை என்பதால், புறொப்பெலர் எவ்வளவு கீழே இறங்கலாம் என்பதைத் துறையில் நிற்கும் நீரை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 22 அங்குலத்துக்கு மட்டுமே இடம் இருந்தாலும் அது வீணல்ல.

எந்த வழியில் போனாலும் தண்டைக் கணக்கில் எடுங்கள். தண்டு தாங்கும் முறுக்குவிசை விட்டத்தின் கன அளவோடு ஏறும். 80 குதிரைவலுவுக்கு முறுக்கு 45 வீதம் கூடுவதால், 35 மில்லிமீற்றர் தண்டு இப்போதுள்ள அதே பாதுகாப்போடு இருக்க 40 மில்லிமீற்றராக வேண்டும். கியரை மட்டும் மாற்றினாலும் 39 வேண்டும். இயந்திரத்தின் வலுவைப் பற்றி வாய் கிழியப் பேசும் வேலைத்தலங்கள் தண்டு, இணைப்பு, கியர்பொக்ஸ் தட்டுகள் ஆகியவற்றைப் பற்றி வாய் திறப்பதில்லை. உடைவதும் பெரும்பாலும் அங்கேதான்.

தயாரிப்பாளர்கள் குறிக்கும் வலுவைப் பற்றி ஒன்று. கமின்ஸ் 5.9 லீற்றர் ஆறு சிலிண்டர் கடல் இயந்திரம் 210 குதிரைவலு முதல் 370 குதிரைவலு வரை விற்கப்பட்டது. அடிப்படைப் புளொக் ஒன்றே. மேல்முனையில் உள்ள உல்லாசப் படகு வகைக்கு முழுவலு எட்டு மணி நேரத்தில் ஒரு மணி நேரம் மட்டுமே, ஆண்டுக்கு 500 மணி நேரம் மட்டுமே என்ற நிபந்தனை உண்டு. தொழிற்படகு அந்த எட்டு மணி நேரமும் உழைக்கும். ஆகவே எவராவது 80 குதிரைவலு என்று சொன்னால், எத்தனை மணி நேரத்துக்கு என்று கேளுங்கள்.

குருநகர் நீலம் எழுதியது:

ரேர்போ என்றாலே பாவம் என்பதுபோல் இங்கு பேச்சுப் போகிறது. நான் குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குச் சாமான் ஏற்றும் படகில் இதே 4ஜேபி1ஐ ரேர்போவுடன் ஓட்டுகிறேன். நன்றாகவே ஓடுகிறது. ஆனால் அதற்குச் செய்த வேலை, வேலைத்தலங்கள் சொல்வதுபோல் கையோடு பூட்டுகிற வேலை அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ரேர்போவுடன் பிறந்த வகையின் பிஸ்ரன், றிங், பிஸ்ரன் ஊசி, சிலிண்டர்களை மேலே மூடும் தலை ஆகியவற்றையே தேடி எடுத்தோம். பிஸ்ரனின் அடிப்பகுதிக்கு எண்ணெய் பீச்சும் சிறு குழாய்கள் ஒவ்வொன்றையும் கழற்றி, துளை அடைபடாமல் இருப்பதையும் வளையாமல் இருப்பதையும் பார்த்த பின்பே பூட்டினோம். பம்பிலும் அப்படித்தான், ரேர்போவின் அழுத்தம் ஏறினால் மட்டுமே கூடுதல் டீசலை விடும் கருவியோடு வரும் பம்பைப் பூட்டினோம். சாதாரணப் பம்பின் திருகாணியைத் திருகிவிட்டு ஓடுபவர்கள் முடுக்கும்போதெல்லாம் புகையைக் கக்கிக்கொண்டு போவதைக் கடலில் பார்க்கலாம்.

அமுக்கிய காற்றைக் கடல்நீரால் குளிர்விக்கும் கருவியை விட்டுவிடவே கூடாது. 35 பாகைக் காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கினால் அது 130 பாகை அளவுக்குச் சூடாகும். அந்தச் சூட்டோடு உள்ளே விட்டால் ரேர்போவால் கிடைத்த பயனில் பெரும்பகுதி பிஸ்ரனைச் சுடுவதற்கே போகும். நான் அழுத்தத்தை அதைவிடக் குறைத்து வைத்து, 80க்குப் போகாமல் 70 குதிரைவலுவோடு நிறுத்திக்கொண்டேன். புகைக்குழாயில் ரேர்போவுக்கு முன்னால் வெப்பமானி ஒன்று இருக்கிறது. தொடர் ஓட்டத்தில் அது 600 பாகையைத் தாண்ட நான் விடுவதில்லை. அந்த மானி இல்லாமல் ரேர்போ பூட்டச் சொல்பவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம். பைபர் படகானால், ரேர்போவையும் காய்ந்த புகைக்குழாயையும் வெப்பம் தடுக்கும் போர்வையால் மூடாமல் விடுவது தீயை அழைப்பதற்குச் சமம்.

பேர்கன் அண்ணை வேகத்தைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் நாங்கள் சீமெந்து மூட்டையும் தண்ணீர்த் தாங்கியுமாக ஏற்றிக்கொண்டு நீரோட்டத்துக்கு எதிரே போகும்போது 28 வீத விசைக்கும் 13 வீத விசைக்கும் உள்ள வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது.

பழைய ஸ்பானர் எழுதியது:

நீலம் அண்ணை செய்த முறையில் செய்தால் எனக்கும் மறுப்பில்லை. அவர் சொல்லாமல் விட்ட கடல்நீர்ப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் நான் பார்த்த எரிந்த தலைகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் தொடங்கின.

டீசலிலுள்ள சக்தியில் மூன்றிலொரு பங்குக்குச் சற்றுக் கூடத்தான் தண்டுக்கு வருகிறது. ஏறத்தாழ கால் பங்கு குளிர்நீருக்கும் மீதி புகையோடும் போகிறது. 80 குதிரைவலுவில் ஓடும்போது 45 கிலோவாற் அளவு வெப்பத்தைக் குளிர்நீரின் வழியே கடலுக்குக் கொடுக்க வேண்டும். நம் கடல்நீர் வெயில் காலத்தில் 30 பாகையில் நிற்கிறது. அது 15 பாகைக்கு மேல் சூடேறாமல் வெளியேற வேண்டுமானால் நிமிடத்துக்கு 45 லீற்றர் ஓட வேண்டும். 55க்கு முப்பது லீற்றர் போதுமாயிருந்தது. கடல்நீர் 50 பாகையைத் தாண்டிச் சூடேறினால் குழாய்களுக்குள் காரை படியத் தொடங்கும். படியப் படிய இன்னும் சூடேறும். சாதாழையும் சொறியும் பொலித்தீன் பையும் மிதக்கும் கடலில் உறிஞ்சுவாய் அடைபடுவது புதினமல்ல. பெரிய வடிகட்டியும், நீர் நின்றால் உடனே அலறும் மணியும் இல்லாத இயந்திரத்துக்கு நான் ஒரு குதிரைவலு கூடக் கூட்டமாட்டேன். பம்பின் றப்பர் இதழ் ஒன்று எப்போதும் வள்ளத்தில் இருக்கட்டும், வெப்பமாற்றியின் நாகத் துண்டு கரைந்து முடியும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

இனிப் பிரிக்கும் வேலைக்கு வருவோம். இந்த இயந்திரத்தில் இருப்பது மெல்லிய உலர் லைனர், அதாவது குளிர்நீர் நேரே தொடாத சிலிண்டர் உள்ளுறை. அதைக் கடைந்து அகலமாக்குவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம், மாற்றுங்கள். கடைகளில் கிடைக்கும் லைனர், பிஸ்ரன் தொகுதிகளின் தரம் ஒன்றுபோல் இருப்பதில்லை, ஆகவே பெட்டியைப் பார்க்காமல் மைக்ரோமீற்றரால் ஒவ்வொன்றையும் அளந்து எடுங்கள். றிங்கின் வாய் இடைவெளியை லைனருக்குள் வைத்தே அளக்க வேண்டும். 93 மில்லிமீற்றர் சிலிண்டருக்கு நான் 0.35 மில்லிமீற்றருக்குக் குறைய விடமாட்டேன். ரேர்போ என்றால் இன்னும் கொஞ்சம் கூட விடுவேன். சூட்டில் றிங்கின் இரு முனைகளும் முட்டிக்கொண்டால் லைனர் சுரண்டப்படும்.

தலைக்கும் புளொக்குக்கும் இடையில் வைக்கும் கஸ்கற் விடயத்தில்தான் அவசரக்காரர்கள் அகப்படுவார்கள். பிஸ்ரன் உச்சிக்கு வரும்போது புளொக்கின் மேற்பரப்பிலிருந்து எவ்வளவு வெளியே நிற்கிறது என்பதை நான்கு சிலிண்டரிலும் அளந்து, அதற்கு ஏற்ற தடிப்புள்ள கஸ்கற்றைத் தெரிய வேண்டும். இந்த இயந்திரத்துக்குத் தடிப்பில் மூன்று வகை வருகிறது. கடையில் கையில் அகப்பட்டதைப் பூட்டினால், ஒன்றில் அமுக்கம் குறையும், அல்லது வால்வில் பிஸ்ரன் முட்டும். தலையை வெடிப்புக்குச் சோதிப்பதும், கொன்ரொட் போல்ற்றுகளைப் புதிதாகப் போடுவதும், இன்ஜெக்ரர்களைப் பம்ப் வேலைத்தலத்தில் நான்கையும் ஒன்றாக வைத்துச் சரிபார்ப்பதும் வலுவைக் கூட்டும் வேலைபோல் தெரியாது. ஆனால் தேய்ந்த இயந்திரம் இழந்த வலு பெரும்பாலும் இவற்றில்தான் போயிருக்கிறது.

பேர்கன் தமிழன் எழுதியது:

செலவே இல்லாத ஒன்று விடுபட்டுவிட்டது. இயந்திரப் பெட்டிக்குள் இருக்கும் காற்றின் வெப்பநிலையை ஓட்டத்தில் அளந்து பாருங்கள். ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் உள்ளே போகும் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 3 வீதம் குறையும். மூடிய பெட்டிக்குள் 50 பாகைக் காற்றை உறிஞ்சும் இயந்திரத்துக்கு வெளிக்காற்றைக் கொண்டுவர ஒரு நல்ல குழாய் போட்டால் ஐந்து வீதக் காற்று சும்மா கிடைக்கும். அலைநீர் உள்ளே தெறிக்காதபடி வாயைப் பின்புறம் திருப்பி வையுங்கள்.

மயிலிட்டி வள்ளம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ரேர்போவை இப்போதைக்கு விட்டுவிடுகிறோம். பின்புறத்தை அளந்ததில் 22 அங்குலப் புறொப்பெலருக்கு இடம் இருக்கிறது, 24க்கு இல்லை. முதலில் இயந்திரத்தைக் கட்டுவதா, கியரையும் தண்டையும் மாற்றுவதா என்பதே இப்போதுள்ள கேள்வி. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் காசு இல்லை.

பழைய ஸ்பானர் எழுதியது:

இயந்திரம் முதலில். அதோடு இப்போதுள்ள புறொப்பெலரையே 14 அங்குலத்துக்குத் திருத்தி வளைக்கக் கொடுங்கள், புதிது வாங்க வேண்டாம், ஏனென்றால் கியர் மாறும்போது அது எப்படியும் மாறப்போகிறது. கட்டி முடித்ததும் சும்மா நிறுத்தி வைத்து நீண்ட நேரம் ஓடவிடும் பழக்கம் இங்கு பலரிடம் உண்டு. அப்படி ஓடினால் றிங்குகள் லைனரோடு படியாமல் பளபளத்துப் போய் மறுபடியும் எண்ணெய் குடிக்கும். சூடேறியவுடன் முக்கால் சுமையில் கரையோரமாக ஓட்டுங்கள், சுற்றை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். எண்ணெயை முதல் 50 மணி நேரத்தில் மாற்றிவிட்டு, வடிகட்டியை வெட்டிப் பார்த்து உலோகத் துகள் இருக்கிறதா என்று சொல்லுங்கள். பாரத்துடன் எத்தனை சுற்று வருகிறது என்பதையும் எழுதுங்கள். 22 அங்குலத்துக்கு எந்தக் கியர் எடுப்பது என்பதை அந்த எண்ணைப் பார்த்த பிறகு பேசுவோம்.